கொட்டையும் விடாத வீடு

ஆடித்தபசுக்கு வெளியூர்ச் சனம் கோமதியம்மனைப் பார்க்க வரும். எங்களுக்கு நாவல்பழம் வரும். அரியும் சிவனும் ஒரே உடம்பாக அம்மனுக்குக் காட்சி கொடுக்கிற அந்த உத்திராட நாளில், சம்சாரிகள் பருத்தியும் வத்தலும் பயறுமாகச் சூறை விடுவார்கள். சங்கரன்கோவில் ரதவீதியில் எள் விழ இடம் இருக்காது. அந்த நெரிசலிலும் கடகப்பெட்டியை வைத்துக்கொண்டு உழக்கால் அளந்து போடும் கிழவிகளை நாங்கள் சரியாகக் கண்டுபிடித்துவிடுவோம். அளந்த பழத்தின் மேல் ஒரு சிட்டிகை உப்பு. தின்றுவிட்டு ஆளுக்கு ஆள் நாக்கை நீட்டிக் காட்டி, யாருடையது அதிக ஊதா என்று சண்டை.

அந்த ஊதாவுக்கு ஆந்தோசயனின் என்று பெயர், தோலில்தான் அதிகம் இருக்கிறது என்பதெல்லாம் பிறகு படித்தது. தொண்டையைக் கவ்வுகிற துவர்ப்பு டானினால் வருவது. அது எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்வதால்தான் நாக்கு வறண்டு சொரசொரக்கிறது.

எங்கள் ஆச்சிக்குப் பழத்தைவிடக் கொட்டைமேல்தான் கண். "எலே, துப்பாத, இந்தச் சொளவுல போடு" என்று பின்னாலேயே வருவாள். கழுவி, தட்டட்டியில் நாள்கணக்கில் காயவைத்து, உரலில் இடித்துச் சலித்துப் பாட்டிலில் அடைப்பாள். தாத்தாவுக்குச் சர்க்கரை. காலையில் மோரில் ஒரு கரண்டி. அதற்காக மாத்திரையை விடவும் சம்மதிக்கமாட்டாள். "அது டாக்டர் குடுத்தது, இது நான் குடுக்கது, ரெண்டையும் முழுங்கும்" என்பாள்.

அவள் கணக்கு சரியாகத்தான் இருந்திருக்கிறது. நாவல் கொட்டையில் உள்ள பொருள்கள் மாவுச்சத்து சர்க்கரையாக உடைவதைத் தாமதப்படுத்துகின்றன. சோதனைச்சாலை எலிகளுக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறது. மனிதர்களிடம் அந்த அளவுக்கு உறுதியான சான்று இல்லை. பிரேசிலில் நாவல் இலைத் தேநீரைக் கொடுத்துப் பார்த்தபோது இரத்தச் சர்க்கரை குறையவே இல்லை. இப்போது அந்தப் பொடியை டப்பாவில் அடைத்து, இதுபோதும், மருந்தே வேண்டாம் என்கிற தோரணையில் விற்பதைப் பார்க்கும்போது எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

மிளகுத்தக்காளியில் கொட்டையைத் தனியாகச் சேர்க்கிற சிக்கல் கிடையாது. கொல்லையில் தண்ணீர் போகும் வாய்க்கால் ஓரம் தானாக முளைக்கும். கறுத்த பழத்தை அப்படியே வாயில் போட்டால் பொடிவிதையும் சேர்ந்து உள்ளே போய்விடும். வாய்ப்புண் என்றால் ஆச்சி அதன் கீரையை ஆய ஆரம்பித்துவிடுவாள். பச்சைக் காயைப் பறித்துத் தின்றால் மட்டும் அடி விழும். பச்சையில் சோலனின் வகை நச்சுப்பொருள் கூடுதல். பழுக்கப் பழுக்கக் குறையும்.

நெல்லிக்கொட்டையை மட்டும் அவள் சீண்டியதில்லை. பழத்துக்கே அவ்வளவு மரியாதை. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய அட்டவணையில் நூறு கிராம் நெல்லிக்கு 600 மில்லிகிராம் விட்டமின் சி. 2017இல் வந்த புதியதில் 250 சொச்சம். குறைந்த கணக்கை எடுத்துக்கொண்டாலும் ஆரஞ்சைப்போல் ஐந்து மடங்கு.

மார்கழி பிறந்தால் இலந்தை. ஊருக்குக் கிழக்கே கரிசக்காட்டு ஓடைக்கரைகளில் குத்துக்குத்தாக நிற்கும். முள் கீறாமல் யாரும் வீடு திரும்பியதில்லை. செங்காய் புளிக்கும், சுருங்கிச் சிவந்தது இனிக்கும், பாதிக்குப் பாதி புழு இருக்கும். புழுவை ஊதிவிட்டுத் தின்போம். கொட்டையை விழுங்கினால் வயிற்றில் மரம் முளைக்கும் என்று பெரியவர்கள் பயமுறுத்துவார்கள். உண்மையில் அந்தக் கல்கொட்டை உள்ளே போனபடியே வெளியே வந்துவிடும், நமக்கு ஒரு சத்தும் தராது. அதனால் நாங்கள் அதைக் கோயில் படியில் வைத்துக் கல்லால் தட்டுவோம். பதமாகத் தட்ட வேண்டும். ஓங்கினால் பருப்பு கூழாகிவிடும். உள்ளே தட்டையாக, பழுப்புநிறத் தோலோடு ஒன்றோ இரண்டோ பருப்பு. புரதமும் எண்ணெயும் நிறைந்த பாகம் அதுதான். சீன மருத்துவத்தில் இதன் பங்காளி மரமொன்றின் பருப்பைத் தூக்கத்துக்குக் கொடுக்கிறார்கள்.

இத்தனை பாடில்லாமல் கொட்டையைத் தின்னவைக்க ஆச்சிக்குத் தெரியும். நன்றாகப் பழுத்ததைக் கொட்டையோடு உரலில் போட்டு, வத்தல், உப்பு, பெருங்காயம், வெல்லம் சேர்த்து இடித்து, தட்டி வெயிலில் வைத்தால் இலந்தவடை. காயும்போது விட்டமின் சி பெரும்பகுதி போய்விடும். நார்ச்சத்தும் தாதுக்களும் தங்கும். பல்லுக்கு அகப்படாத கொட்டை தூளாகி வயிற்றுக்குள் போகும்.

இப்போது பஸ் ஸ்டாண்டுக் கடைகளில் இலந்தவடை பாக்கெட்டில் தொங்குகிறது. வாங்குகிறவர்கள் கடித்துப் பாருங்கள். பல்லில் நறநறவென்று கொட்டைத்தூள் படவேண்டும். படாவிட்டால் அதில் கொட்டை போகவில்லை. பழமாவது எவ்வளவு போயிருக்கும் என்பதும் எனக்குச் சந்தேகம்தான்.