வஹீபா மணலில் மூன்று நாட்கள்

நம் மாணவர்களுக்குப் பாலை என்பது ஒரு பரீட்சை வினா. ஐந்திணைகளுள் அதற்குத் தனி நிலம் இல்லை, முல்லையும் குறிஞ்சியும் வேனிலின் வெம்மையால் இயல்பு திரிந்து பாலையாகும், தெய்வம் கொற்றவை, உரிப்பொருள் பிரிவு. இவ்வளவையும் பிழையின்றி எழுதினால் முழுப் புள்ளிகளும் கிடைத்துவிடும். ஆண்டுகள் பலவாக நாமும் இதனையே கற்பித்து வருகிறோம். மணலும் வானமுமன்றி வேறொன்றும் கண்ணுக்கெட்டாத நிலம் எப்படியிருக்கும் என்று எந்த மாணவனும் எம்மைக் கேட்டதில்லை. வடமராட்சியிலே மணற்காட்டு மணற்குன்றுகளைக் கல்விச் சுற்றுலாவிற் கண்டு வந்தவன், தான் பாலைவனத்தையே கண்டுவிட்டதாகக் கட்டுரை எழுதுவான். அவனைக் குறை கூறுவதற்கில்லை. அவனுடைய ஆசிரியரும் அதற்கு மேல் கண்டவரல்லர்.

2024ஆம் ஆண்டு மார்கழி விடுமுறையிலே அக்குறை நீங்கிற்று. நம் பழைய மாணவர் ஒருவர் ஓமான் தேசத்துத் தலைநகரான மஸ்கற்றில் பொறியியலாளராக உத்தியோகம் பார்க்கிறார். "சேர், ஒரு முறையாவது வந்து மணலைப் பாருங்கள்" என்று பல ஆண்டுகளாக அழைத்தவர், இம்முறை பிரயாணச் சீட்டையும் அனுப்பிவிட்டார். அவரும் அவரோடு தொழில் புரியும் நண்பர்கள் சிலரும் குடும்ப சமேதராக வஹீபா மணற்பரப்பை மோட்டார் வண்டிகளிலே கடப்பதற்கு ஆயத்தமாயிருந்தனர். வண்டிகள் நான்கு, பேர் பதின்மூவர், அவர்களுள் குழந்தைகள் மூவர். மஸ்கற்றிலிருந்து பிதியா வரையுள்ள இருநூற்றுச் சொச்சம் கிலோ மீற்றர் தூரமும் கண்ணாடி போன்ற தார் வீதி. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

பிதியாவில் எமக்கு வழிகாட்டி சேர்ந்தார். அறுபது வயது மதிக்கத்தக்க பதூவியர். வெள்ளை அங்கியும் தலைப்பாகையும் அணிந்து, வெறுங்காலுடன் வண்டி செலுத்துபவர். வந்தவுடன் அவர் எம்மை வரவேற்றுப் பேசவில்லை. வண்டிகளைச் சுற்றி நடந்து, ஒவ்வொன்றிலும் எத்தனை தண்ணீர்த் தகரங்கள் உள்ளன என்று எண்ணினார். எண்ணி முடிந்த பிறகுதான் முகமன் கூறினார். சிறு கிண்ணங்களிலே ஏலம் மணக்கும் கஹ்வாவும் பேரீச்சம்பழமும் தந்தார். போதுமென்றால் கிண்ணத்தை இலேசாக அசைத்துக் காட்டவேண்டும்; இன்றேல் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள்.

வஹீபா மணற்பரப்பு ஏறக்குறைய 12,500 சதுர கிலோ மீற்றர் விஸ்தீரணமுடையது. வடக்குத் தெற்காக 180 கிலோ மீற்றர். கிழக்கு மேற்காக 80. அங்கு வாழும் குலத்தாரின் பெயரே நிலத்துக்கும் ஆயிற்று. இப்பொழுது அரசாங்கப் படங்களில் ஷர்க்கியா மணல் என்று குறிக்கிறார்கள். வட பகுதியிலே மணல் மேடுகள் சிறு மலைத் தொடர்கள் போல வடக்குத் தெற்காக அணிவகுத்துக் கிடக்கின்றன. சில 100 மீற்றர் உயரமானவை. ஒரு தொடருக்கும் அடுத்ததற்குமிடையே அகன்ற பள்ளத்தாக்கு. அதன் தரை ஓரளவு இறுகியது. ஆகவே தெற்கு நோக்கிச் செல்பவனுக்கு இயற்கையே வீதி போட்டு வைத்திருக்கிறது. கிழக்கே கடலை நோக்கித் திரும்புபவனோ ஒவ்வொரு தொடரையும் ஏறி இறங்கவேண்டும். இந்த ஒரு செய்தியை அறிந்தால் அந்நாட்டுப் பிரயாணம் முழுவதையும் அறிந்ததாகும்.

இம்மேடுகளை ஆக்கிய காற்று எது தெரியுமா? யாழ்ப்பாணத்திலே சோளகம் என்கிறோமே, அதே தென்மேற்குப் பருவக்காற்றுத்தான். பனியுகங்களிலே கடல் மட்டம் தாழ்ந்து, கரையோரக் கடலடி வெளிப்பட்டுக் கிடந்தபோது, அங்கிருந்த சிப்பித் தூளையும் மணலையும் வாரி வந்து குவித்தது அக்காற்று. வடக்கே வாதி பத்தா என்ற காட்டாறு குறுக்கிட்டு, 'இதற்கப்பால் வராதே' என்று மணலை மறித்து நிற்கிறது. மழை பெய்தாலன்றி அவ்வாற்றில் நீரைக் காண முடியாது. ஆயினும் மணலுக்கு அது எல்லை.

மணலின் விளிம்பிலே வண்டிகளை நிறுத்தி, எல்லாரும் இறங்கி ரயர்களின் காற்றைத் திறந்துவிட்டனர். சதுர அங்குலத்துக்கு 35 இறாத்தல் இருந்த அழுத்தம் 15 இறாத்தலுக்குக் குறைக்கப்பட்டது. காற்றுக் குறைந்த ரயர் நிலத்திலே நீண்டு படிகிறது. வண்டியின் பாரம் அகன்ற பரப்பில் பரவுவதால் சில்லு மணலைத் தோண்டாமல் அதன் மேல் மிதந்து செல்கிறது. ஒட்டகத்தின் பாதத்தைப் பார்த்தவர்க்கு இது விளங்கும். மோட்டார் வண்டியிலே இவ்வித்தையை முதன்முதல் செவ்வையாகக் கையாண்டவர்களுள் ஒருவர் றால்ப் பாக்னோல்ட் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி. 1929ஆம் ஆண்டு தொடக்கம் போட் வண்டிகளிலே லிபியப் பாலைவனத்தை ஊடுருவிச் சென்றவர் அவர். காந்த ஊசி வண்டியின் இரும்பினாற் பிழைபடும் என்பதனால் சூரிய நிழலைக் கொண்டு திசையறியும் கருவியை அமைத்தார். புதைந்த சில்லின் கீழ் இடுவதற்கு இரும்புத் தகடுகளைக் கொண்டு சென்றார். கொதிக்கும் நீராவி வீணாகாமல் மீண்டும் நீராவதற்கும் வழி செய்தார். அதனோடு நில்லாமல், மணல் ஏன் குன்றாகிறது, எப்படி நகர்கிறது என்பதைக் கணித முறையில் ஆராய்ந்து 1941இல் ஒரு நூல் வெளியிட்டார். மணற்பருக்கைகள் காற்றிலே பறப்பதில்லை, தரையையொட்டித் தத்தித் தத்திச் செல்கின்றன என்று அந்நூல் கூறுவதை, அன்று மாலை எம் கணுக்காலிலே பட்ட ஊசிக் குத்துகள் ஐயந்திரிபற மெய்ப்பித்தன.

முதல் நாள் தெற்கு நோக்கிய ஓட்டம் இன்பமாகவே கழிந்தது. வண்டிகள் ஒன்றன் பின் ஒன்றாக, முன் வண்டியின் சுவட்டிலேயே சென்றன. ஒவ்வொன்றிலும் நீண்ட கம்பில் சிவப்புக் கொடி. மேட்டுக்கு அப்பாலிருக்கும் வண்டியின் கொடியாவது தெரியவேண்டுமென்பதே அதன் நோக்கம்.

நண்பகல் தங்கிய இடத்திலே ஒரு மரம் நின்றது. சிற்றிலைகள், மெல்லிய முட்கள், தாழ்ந்து தொங்கும் கிளைகள். மணலைத் தவிர வேறெதுவுமில்லாத அவ்விடத்தில் பச்சைப் பசேலென்றிருந்தது. அரபு மொழியிலே காஃப் என்கிறார்கள். இலையொன்றைப் பறித்துப் பார்த்த எமக்கு ஒரே வியப்பு. அது நம் வன்னி மரம்! விஜயதசமியன்று நம் கோயில்களில் மானம்பூ உற்சவம் நடைபெறும்போது, வன்னிக்குப் பதிலாக வாழையை நாட்டி 'வன்னி வாழை வெட்டு' என்கிறோம். பாண்டவர்கள் தம் படைக்கலங்களை மறைத்து வைத்த மரம் என்று வகுப்பிலே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறோம். அம்மரத்தின் நிழலிலே கட்டுச்சோறு உண்போம் என்று எண்ணியதேயில்லை. அதன் வேர் மிக ஆழத்திலுள்ள நீரைத் தேடிச் செல்லும். அதன் காயையும் தழையையும் ஆடும் ஒட்டகமும் தின்னும். அதன் நிழலிலே பதூவியர் குடிசை கட்டுவர். மணற்பரப்பின் கீழ்ப்புறத்திலே இம்மரங்கள் ஒரு காடாகவே நிற்கின்றன. 1986இல் லண்டன் புவியியற் சங்கத்தார் இங்கு நடத்திய ஆராய்ச்சியில் 150 வகைத் தாவரங்கள் பதிவாயின என்று அறிந்தபோது, வெறும் மணல் என்ற சொல்லையே நாம் கைவிட்டோம்.

இரண்டாம் நாள்தான் சோதனை வந்தது.

கிழக்கே திரும்பி மேடுகளைக் கடக்கத் தொடங்கினோம். மேடேறும் முறை இது: கீழேயிருந்தே வேகமெடுத்து, இடையில் தயங்காமல், நேராக ஏறவேண்டும். பாதி வழியில் வேகம் குன்றினால் தடையை அழுத்தாமல், வந்த சுவட்டிலேயே நேராகப் பின்னிறங்க வேண்டும். சரிவிலே வண்டியைக் குறுக்கே திருப்பினால் அது உருளும். அல்லது ரயர் வளையத்தை விட்டுக் கழலும். உச்சியை அணுகும்போது சாரதிக்கு வானம் மட்டுமே தெரியும். மறுபுறம் சறுக்கு முகம். ஏறக்குறைய 33 பாகைச் சரிவு. மேலே சென்றதும் வேகத்தைத் தணித்து, மூக்கை நேரே கீழ்நோக்கித் தொங்கவிட்டு இறங்க வேண்டும். முதல் முறை எம் கண்கள் தாமாகவே மூடிக்கொண்டன. அருகிலிருந்த சிறுமி கைகொட்டிச் சிரித்தாள்.

ஐந்தாவது மேட்டைக் கடந்து பள்ளத்தில் நின்றபோது வழிகாட்டி கொடிகளை எண்ணினார். மூன்றே இருந்தன. நான்காம் வண்டியிலே தகப்பன், தாய், இரு குழந்தைகள். மட்டக்களப்பைச் சேர்ந்த குடும்பம். கையடக்க வானொலிக் கருவியில் அழைத்தால் இரைச்சல் மட்டுமே கேட்டது. இடையில் மணல்மலை நின்றால் அது பயனற்றது. கைபேசிக்கோ அங்கு அலையே இல்லை. சூரியன் மறைய முக்கால் மணி நேரமே இருந்தது.

நம் மாணவர் தம் வண்டியைத் திருப்பிக்கொண்டு ஓட முயன்றார். கிழவர் அவருடைய சாவியைப் பிடுங்கிவிட்டார். இரண்டு வண்டிகளைத் தேடும் நிலை வரக்கூடாது என்றார். பிறகு, வெறுங்காலுடன் மேட்டின் உச்சிக்கு நடந்தே ஏறினார். நாமும் பின்தொடர்ந்தோம், இரண்டடி ஏறினால் ஓரடி சறுக்கிற்று. மேலே நின்று பார்த்தால் திசையெங்கும் மணல் அலைகள். அவற்றின் நிழல்கள் நீண்டு ஒன்றோடொன்று கலந்துகொண்டிருந்தன. அந்நேரம் எம் நெஞ்சம் பட்ட பாட்டை எழுத விருப்பமில்லை. கிழவர் மட்டும் பதற்றமின்றி, "அவர்களுக்குக் காலையில் என்ன சொன்னேன்?" என்று கேட்டார். வழி தவறினால் வண்டியை விட்டு அகலவே கூடாது என்று சொல்லியிருந்தார். "வண்டி பெரிது, மனிதன் சிறிது. பெரியதைக் கண்டுபிடிப்பேன்" என்றார்.

எம் பழைய சுவட்டிலேயே ஒரு வண்டியில் பின்னோக்கிச் சென்று, ஒவ்வொரு மேட்டிலும் இறங்கிச் சுவடுகளை எண்ணினார். மூன்றாவது மேட்டின் அடியில் நான்கு சுவடுகள், உச்சியில் மூன்று. நான்காவது பாதிவழி ஏறிப் பின்னிறங்கி, தெற்கே தாழ்ந்த ஓரிடத்தை நாடிச் சென்றிருந்தது. அதற்குள் இருட்டிவிட்டது. அவர் தம் வண்டியின் விளக்கை அணைத்து, எம்மையும் வாய்மூடி நிற்கச் சொன்னார். சிறிது நேரத்தில் ஒரு மேட்டுக்கு அப்பால் வானம் இலேசாக வெளிறியிருப்பது புலனாயிற்று. அத்தகப்பன் முன்விளக்குகளை எரியவிட்டிருந்தார்.

வண்டி ஒரு மணற்கிண்ணத்தின் அடியிலே அச்சுவரை புதைந்து கிடந்தது. ஒரு ரயர் கழன்றிருந்தது. இரு குழந்தைகளும் பின்னாசனத்தில் உறங்கிக் கொண்டிருந்தனர். அத்தாய் எம்மைக் கண்டதும் அழவில்லை. "பிள்ளைகள் தண்ணீர் கேட்டுக் கேட்டு அலுத்துப் படுத்துவிட்டார்கள், சேர். போத்தல் மூடியால் அளந்துதான் கொடுத்தேன்" என்றார். வண்டியிலே இரண்டு தகரம் நிறையத் தண்ணீர் இருந்தது. எத்தனை நாளைக்கு என்று தெரியாதவர் வேறென்ன செய்வார்? கணவர் இரு முறை நடந்து செல்ல எழுந்தாராம். அவரே கையைப் பிடித்து இருத்தி வைத்தாராம்.

பலகையின் மேல் ஜக்கை வைத்து வண்டியை உயர்த்தி, மண்வெட்டியால் மணலை வாரி, சவர்க்கார நீர் பூசி, காற்றடிக்கும் கருவியால் ரயரை மீண்டும் வளையத்தில் ஏற்றுவதற்குள் இரண்டு மணி நேரம் சென்றது. மணலிலே மண்வெட்டி பிடிப்பது நம் தோட்டங்களிற் பிடிப்பது போன்றதன்று. வாரிய அளவு திரும்ப வந்து விழும்.

அன்றிரவு நெருப்பின் அருகே, வில்பிரட் தெசிகர் என்ற பிரயாணியைப் பற்றிப் பேச்சு வந்தது. 1949இல் ஒட்டகத்தின் மேல் இம்மணலைக் கடந்தவர் அவர். மோட்டார் வண்டி வந்தால் பாலைவன மக்களின் வாழ்வு குலைந்துவிடும் என்று வருந்தியவர். விடுமுறை நாட்களிலே இளைஞர் சிலர் வேடிக்கைக்காக மேடுகளில் வண்டியோட்டி, ஆடுமாடுகளின் மேய்ச்சற் செடிகளை நசுக்குவதையும், எறிந்து செல்லும் பிளாஸ்திக் பைகளை ஒட்டகங்கள் தின்று மடிவதையும் கேட்கும்போது அவ்வருத்தம் நியாயமென்றே தோன்றுகிறது. எம் கிழவரோ அதனை ஒப்பவில்லை. அவரிடம் ரொயோட்டா பிக்கப் வண்டி ஒன்றுண்டு. அதிலே ஒட்டகத்தை மடித்து உட்கார வைத்து ஏற்றிச் செல்வார். தம் சிறு பிராயத்தில் பிரசவ வேதனைப்பட்ட பெண்ணை ஒட்டகத்தில் ஏற்றிப் பிதியா சேர இரண்டு நாளாகும் என்றும், இன்று அவள் காலையில் புறப்பட்டால் நண்பகலுக்கு முன் வைத்தியரைக் காண்பாள் என்றும் சொன்னார். பிறர் படும் சிரமத்தின் அழகை ஒரு பிரயாணி மெச்சுவது எளிது. இவ்வழக்கிலே நாம் கிழவர் பக்கமே.

மூன்றாம் நாள் கடலை நெருங்க நெருங்க மணலின் செம்மை குறைந்து வெளிறிற்று. சில இடங்களிலே பண்டை மணற்குன்றுகள் சிப்பிச் சுண்ணாம்பினால் இறுகிக் கல்லாகி நிற்கின்றன. காற்று அவற்றைக் குடைந்து விசித்திர உருவங்களாக்கியிருக்கிறது. நண்பகலின் பின் அல் அஷ்காராவை அடுத்த கரையை அடைந்தோம். மீனவர் வலைகளை உலர்த்திக்கொண்டிருந்தனர். குழந்தைகள் நால்வருக்கும் முன்னதாக... இல்லை, குழந்தைகள் மூவர்தாம், அன்று ஓடிய ஓட்டத்தில் நால்வர் போலத் தோன்றிற்று. அவர்களே முதலில் அரபிக்கடலில் கால் நனைத்தனர்.

தார் வீதியோரத்தில் மீண்டும் எல்லாரும் இறங்கி ரயர்களுக்குக் காற்றடித்தனர். நான்கு சில்லுக்கும் ஏற்ற ஒரு வண்டிக்குக் கால் மணி நேரத்துக்கு மேலாயிற்று. கிழவர் மட்டும் தம் வண்டிக்குக் காற்றடிக்கவில்லை. தண்ணீர்த் தகரங்களை ஒரு முறை எண்ணிப் பார்த்தார்; எம் கையைப் பற்றி விடைபெற்றார்; வந்த திசையிலேயே மணலுக்குள் வண்டியைத் திருப்பினார்.