சர்ர்ர்... எப்ப உரசுது மச்சி?

மெக்கானிக்கல் படிக்கிறீங்களா? காலேஜ் பாஜா டீம்ல பேர் கொடுத்திருக்கீங்களா? அப்போ இந்தச் சத்தம் உங்களுக்குப் பழக்கம்தான். வண்டி நேரா போறப்போ சமர்த்தா இருக்கும். ஸ்டீயரிங்கை முழுசா ஒடிச்சு மேட்டுல ஏத்துங்க... சர்ர்ர்! முன் டயரோட உள்பக்கம் சஸ்பென்ஷன் ஆர்ம்ல தேய்க்குது.

எங்க வீடு மண்ணூர்பேட்டை. அம்பத்தூர் எஸ்டேட் பக்கத்துலேயே இருக்கு. காலையில பால் பாக்கெட் வாங்கப் போனாலும் கட்டிங் ஆயில் வாசனைதான். பசங்களே டிசைன் பண்ணி, வெல்ட் அடிச்சு, ஓட்டுற ஒத்தை சீட் வண்டிகளுக்கான 'பாஜா எஸ்.ஏ.இ. இந்தியா' போட்டி 2007-ல பீதம்பூர்ல ஆரம்பிச்சது. அதுக்கு ரெடியாகிற ஜூனியர்ஸ், வருஷா வருஷம் என்னை லேத்துக்கு இழுத்துட்டுப் போவாங்க. கேக்குற ஐட்டம் எப்பவும் ஒண்ணுதான். "அண்ணா, 20 மி.மீ.ல அலுமினிய ஸ்பேசர் போட்டுடலாம். வீல் வெளியே தள்ளிடும், மேட்டர் ஓவர்!"

லேத் அண்ணன் மெஷினை நிறுத்திட்டு ஒரே கேள்விதான் கேப்பார்: "எங்க உரசுதுன்னு காட்டுற, சரி. எப்ப உரசுது தம்பி?"

அங்கேதான் பாதிப் பேர் முழிப்பாங்க.

பதில் கண்டுபிடிக்க ரெண்டு ரூபா சாக்பீஸ் போதும் பாஸ். வண்டியை ஸ்டாண்டுல நிறுத்தி, ஷாக் அப்சார்பரைக் கழட்டுங்க. டயரோட உள்பக்கம் பூரா சாக்பீஸைப் பூசுங்க. ஜாக்கி வெச்சு வீலைக் கீழேயிருந்து மேலே கொண்டு போங்க, ஷாக் எவ்வளவு அமுங்குமோ அவ்வளவு தூரம் மட்டும். ஒருதடவை ஸ்டீயரிங் நேரா, ஒருதடவை முழு லெஃப்ட், ஒருதடவை முழு ரைட். பிரேக் ஹோஸ் இழுபடுதான்னும் ஒரு கண்ணு வைங்க. சாக்பீஸ் எந்த நிலையில அழியுதோ, அதுதான் குற்றவாளி.

முழுசா ஒடிக்கிறப்போ மட்டும் உரசுதா? ஸ்டீயரிங் ஸ்டாப்பரைக் கொஞ்சம் முன்னால கொண்டு வாங்க, அவ்வளவுதான். வண்டி திரும்ப இன்னும் கொஞ்சம் இடம் கேக்கும், பரவாயில்லை. வீல் மேலே எழும்புறப்போ இடிக்குதுன்னா பம்ப் ஸ்டாப் ரப்பர். ஒடிக்காம, குதிக்காம, சும்மா நிக்கிறப்பவே இடைவெளி இல்லைன்னாதான் ரிம் ஆஃப்செட், டயர் சைஸ் பேச்சே வரணும். கிரவுண்ட் கிளியரன்ஸ் ஆசையில 21 இன்ச் டயரை 23 ஆக்கினா, சுத்தி எல்லாப் பக்கமும் ஒரு இன்ச் நெருங்கிடும்ல?

"சிஸ்டத்துல பார்த்தோமே, 10 மி.மீ. கேப் இருந்துச்சே!" இதுவும் நான் அடிக்கடி கேக்குற டயலாக். ஸ்க்ரீன்ல இருக்கிற டயர் கல்லு மாதிரி. நிஜ டயர்ல காத்து கம்மி, வளைவுல பக்கவாட்டுல மடங்கும். புஷ் ஆடும், நடுவுல சேறு அப்பும். அதுக்கெல்லாம் சேர்த்துதான் இடம் விடணும்.

ஸ்பேசர் மேல எனக்குத் தனிப்பட்ட பகை எதுவும் இல்லை. ஆனா வீல் வெளியே தள்ளத் தள்ள, பேரிங் மேல லோடு ஏறும். கல்லுல ஏர்றப்போ ஸ்டீயரிங் கையை உதறும். முக்கியமா ஸ்டட்! பழைய ஸ்டட்லயே ஸ்பேசரைச் சொருகினா, நட்டுக்குப் பிடிக்க நாலு மரைதான் மிஞ்சும். ஸ்டட்டோட விட்டம் அளவுக்காவது நட்டு மரையில ஏறணும். நாலு மணி நேர எண்ட்யூரன்ஸ் ரேஸ்ல அது லூஸாச்சுன்னா கழண்டு ஓடுறது வீல். உள்ளே பெல்ட் போட்டு உக்காந்திருக்கிறது உங்க ரூம் மேட்.

உரசலைக் கண்டுக்காம விடுறதும் அதே ரிஸ்க்தான். டயர்ல மெல்லிசான இடமே அந்தப் பக்கச் சுவர்தான். ஆர்ம்ல இருக்கிற வெல்டு விளிம்பு அதைச் சீவிக்கிட்டே இருக்கும்.

மாமாவோட தார்ல இதே வேலையைப் பண்ணலாமான்னு கேக்குறவங்களுக்கு: 235 அகல டயரை 265 ஆக்கினா, அதே ரிம் ஆஃப்செட்டுல உள்பக்கம் 15 மி.மீ. நெருங்கும். ரோட்டு வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுன்னு ஒண்ணு வேற இருக்கு, மாமாகிட்ட சொல்லிடுங்க.

லேத்துக்குக் கிளம்புறப்போ டிராயிங்கை மட்டும் நீட்டாதீங்க. வீல், ஹப், ஆர்ம் மூணையும் கோணியில கட்டித் தூக்கிட்டு வாங்க. அண்ணன் வெர்னியரை வெச்சுப் பார்த்துட்டுதான் சக்குல ஜாப்பையே மாட்டுவார்.