ஐந்து ஆறு, பன்னிரண்டு நொடி

பிரான்ஸ் நாட்டுக் கிராமங்களில் ஓடுகிறவர்கள் எழுதுவதைப் படித்தால் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கும். மேடும் பள்ளமுமாகப் பாதை, திராட்சைத் தோட்டம், திரும்பிய பக்கமெல்லாம் பழைய கோட்டை... ஆனால் தஞ்சாவூர்க்காரர்கள் பெருமூச்சு விட வேண்டிய அவசியமே இல்லை. கோட்டை வேண்டுமா? அகழியோடு இருக்கிறது. கோயில் வேண்டுமா? எண்ணி முடியாது. நெப்போலியன் வேண்டுமா? அதற்கும் ஒன்று உண்டு! ஆங்கிலேயர்கள் நெப்போலியனைத் தோற்கடித்ததைக் கொண்டாட இரண்டாம் சரபோஜி கட்டிய மனோரா, மல்லிப்பட்டினம் பக்கத்தில் கடலோரமாக இன்றும் நிற்கிறது. இங்கே இல்லாதது ஒன்றே ஒன்றுதான். மேடு.

டெல்டாவில் மேடு என்றால் ஆற்றுப் பாலம்தான். பாலத்தில் ஏறி இறங்கினால் மறுபடியும் வயல், வாய்க்கால், வயல்.

சரி, இது ஊர்ப் பெருமை பேசும் கட்டுரை இல்லை. அந்தப் பாலங்களின் மேல் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பையனைப் பற்றியது.

அவனுக்கு வயது 21. கண்டியூருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். தஞ்சாவூரில் பி.காம் கடைசி வருடம். அப்பாவுக்கு ஆறு மா நிலம். (டெல்டாவுக்கு வெளியே இருப்பவர்களுக்காக: மூன்று மா சேர்ந்தால் ஒரு ஏக்கர்.) போர்வெல் கிடையாது. ஆற்றில் தண்ணீர் வந்தால்தான் விவசாயம்.

கல்லூரியில் சேர்ந்த வருடமே இரண்டாம் நிலைக் காவலர் தேர்வு எழுதினான். எழுத்துத் தேர்வில் பாஸ். 2024 தொடக்கத்தில் உடல்தகுதித் தேர்வு. ஆண்களுக்கு 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும். அதில் தவறினால் கயிறு ஏறுவதும் இல்லை, நீளம் தாண்டுவதும் இல்லை, நேராக வீடுதான்.

பக்கத்தில் ஓடியவர்களைப் பார்த்து முதல் சுற்றை ஒரு நிமிடம் 25 நொடியில் ஓடிவிட்டான். ஊரில் பந்து பொறுக்க ஓடின கால், அதுவரைக்கும் தாங்கியது. கடைசிச் சுற்றில் விலாவைப் பிடித்துக்கொண்டது. முடித்தபோது 7 நிமிடம் 12 நொடி.

வீட்டில் யாரும் திட்டவில்லை. அப்பா ஒன்றே ஒன்று கேட்டார்.

"பன்னெண்டு செகண்டா? ஒரு நாத்துக்கட்டைத் தூக்கி வீசுற நேரம்டா அது..."

அவ்வளவுதான். அதற்கப்புறம் அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

அந்த வருடம் ஜூன் 12 வந்தது. மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் நாள். 2024இல் அணையில் போதுமான தண்ணீர் இல்லை, திறக்கவில்லை. ஜூலை 28ஆம் தேதிதான் திறந்தார்கள். அதற்குள் அவர்களுக்குக் குறுவை போய்விட்டது. நிலம் கரம்பாகக் கிடக்க, அப்பா தஞ்சாவூரில் கட்டட வேலைக்குப் போனார். சாயங்காலம் சிமெண்ட் ஒட்டிய சட்டையோடு பஸ்ஸில் இருந்து இறங்கும் அப்பாவைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பன்னிரண்டு நொடிதான் அவனுக்கு ஞாபகம் வரும். பாஸ் ஆகியிருந்தால் இந்நேரம் பயிற்சியில் இருந்திருப்பான். மாதம் பிறந்தால் வீட்டுக்குக் கொஞ்சம் பணம் வந்திருக்கும்.

காய்ந்து கிடந்த குடமுருட்டிக் கரையில் ஓட ஆரம்பித்தான். தினமும் 1500 மீட்டர். தினமும் உயிரைக் கொடுத்து. பி.காம் பையன் இல்லையா, நோட்டில் கணக்கும் எழுதினான். இடது பக்கம் பற்று, வலது பக்கம் வரவு! பற்றில் தூக்கம், கால்வலி. வரவில் நேரம். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் பற்று மட்டும் ஏறிக்கொண்டே போயிருக்கிறது. முழங்காலுக்குக் கீழே எலும்பெல்லாம் வலி. நேரம் 7 நிமிடம் 5 நொடிக்குக் கீழே இறங்கவே இல்லை.

டீக்கடையில் தினமும் பேப்பர் படிக்கும் ஒரு ஓய்வுபெற்ற பி.டி. வாத்தியார் இதையெல்லாம் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறார். ஒருநாள் கூப்பிட்டார்.

"தம்பி, தெனமும் பரிட்சை எழுதினா எப்போ படிப்பே?"

அவனுக்குப் புரியவில்லை.

"வேகமா ஓடுறது பரிட்சை. வாரத்துக்கு ஒருநா போதும். மத்த நாளெல்லாம் மெதுவா, தூரமா ஓடு. பக்கத்துல ஆள் இருந்தா பேசிக்கிட்டே ஓடுற வேகம். அதான் படிப்பு."

இதில் விஷயம் இருக்கிறது. 1500 மீட்டர் வேக ஓட்டம் மாதிரித் தெரிந்தாலும், அதற்கான சக்தியில் பெரும்பங்கு நாம் இழுக்கும் மூச்சுக்காற்றின் உதவியோடுதான் கிடைக்கிறது. மெதுவாக நெடுந்தூரம் ஓடினால்தான் இதயமும் கால் தசையும் அந்தக் காற்றை நன்றாகப் பயன்படுத்தப் பழகும். இன்னொரு கணக்கும் அவர் சொன்னார். 7 நிமிடத்தில் முடிக்க 400 மீட்டர் சுற்று ஒன்றுக்கு 1 நிமிடம் 52 நொடி போதும். 1 நிமிடம் 25 நொடியில் முதல் சுற்றை ஓடுகிறவன் கடைசிச் சுற்றிடம் கடன் வாங்குகிறான். கடன் என்றதும் பி.காம் பையனுக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது :-)

அப்படித்தான் ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் ஆரம்பமானது. முதல் பஸ்ஸில் தஞ்சாவூர் போய் இறங்குவான். பெரிய கோயில் வாசலில் இருந்து திருவையாறு வரைக்கும் ஓட்டம். சுமார் 12 கிலோமீட்டர், ஐந்து ஆறு, ஐந்து பாலம்.

கிளம்பும்போது இருட்டில் விமானம் கருப்பாகத் தெரியும். சுமார் 216 அடி, 1010இல் ராஜராஜன் முடித்தது. கோயிலை ஒட்டி ஓடும் கல்லணைக் கால்வாய் மேட்டூர் திட்டத்தோடு 1930களில் வெட்டப்பட்டது. ஊர்க்காரர்களுக்கு அது இன்னும் 'புதுஆறு'தான். ஆயிரம் வருடக் கோயிலுக்குப் பக்கத்தில் இருந்தால் தொண்ணூறு வயதும் குழந்தைதானே!

ஊரைத் தாண்டினால் கரந்தை. 1911இல் தொடங்கிய கரந்தைத் தமிழ்ச் சங்கம் இங்கேதான். அப்புறம் வடவாறு, முதல் மேடு. பள்ளியக்ரஹாரம் பக்கம் வெண்ணாறு, இரண்டாவது. அடுத்தது வெட்டாறு. இந்த இடத்தில் விடிந்துவிடும். நாற்றங்காலில் பச்சை தெரியும். அறுவடைக் காலத்தில் ரோட்டின் ஒரு பாதியில் நெல்லைக் காயப் போட்டிருப்பார்கள், ஒதுங்கித்தான் ஓட வேண்டும். மார்கழியில் பனி, எதிரில் வரும் பஸ் பக்கத்தில் வந்தபிறகுதான் தெரியும். நாய்கள் எல்லா மாதமும் உண்டு. "யாரு தம்பி தொரத்துறா?" என்று கேட்கும் பெரியவர்களும்தான்.

கண்டியூர் வந்தால் பிரமசிரக்கண்டீசுவரர் கோயில். சிவன் பிரம்மாவின் தலையைக் கொய்ததாகச் சொல்லப்படும் இடம், அட்ட வீரட்டத் தலங்களில் ஒன்று. அதைத் தாண்டி அவனுடைய குடமுருட்டி. கடைசியில் காவிரி.

ஐந்து ஆறு என்கிறோமே, உண்மையில் இரண்டு குடும்பம்தான். வடவாறும் வெட்டாறும் வெண்ணாற்றில் இருந்து பிரிந்தவை. குடமுருட்டி, திருக்காட்டுப்பள்ளியில் காவிரியில் இருந்து பிரிகிறது. வெண்ணாறும் காவிரியும் பிரிவது கல்லணையில். கரிகாலன் கட்டியதாகச் சொல்லப்படும் அந்த அணையில் ஷட்டரைத் தூக்கினால்தான் இந்த ஐந்து பாலத்துக்கு அடியிலும் தண்ணீர். பஸ்ஸில் ஆயிரம் தடவை போனவனுக்கு இது ஓடும்போதுதான் உறைத்தது. எந்த ஆற்றில் மணல் தெரிகிறது, எந்த வாய்க்கால் தூர்ந்து கிடக்கிறது, யார் வயல் கரம்பு என்று எல்லாமே கண்ணில் பட்டது.

திருவையாற்றில் தியாகராஜர் சமாதி பக்கத்துப் படித்துறையில் உட்கார்ந்து காலை நீட்டுவான். 1847இல் அவர் மறைந்த பிறகு கவனிப்பாரற்றுக் கிடந்த இடம் அது. பெங்களூர் நாகரத்தினம்மா தன் சொத்தையெல்லாம் செலவழித்துக் கோயில் எழுப்பினார். ஆராதனையில் பெண்கள் பாடக் கூடாது என்று இருந்த காலத்தில் போராடிப் பாடவும் செய்தார். படித்துறையில் இருந்து எழுந்து, ஒரு அசோகா வாங்கிச் சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறுவான். பாசிப்பருப்பு, நெய், சர்க்கரை... ஓடியதெல்லாம் அதிலேயே சரியாகிவிடும்!

ஆறு மாதத்தில் 1500 மீட்டர் 6 நிமிடம் 48 நொடி. ஒரு வருடத்தில் 6 நிமிடம் 31 நொடி. வாத்தியாரே வாட்ச் பிடித்தார்.

2025இல் மேட்டூரை ஜூன் 12ஆம் தேதி சரியாகத் திறந்துவிட்டார்கள். அடுத்த சில நாளில் கல்லணையும் திறந்தாயிற்று. ஒரு காலையில் அவன் குடமுருட்டிக் கரையில் ஓடிக்கொண்டிருந்தபோது கீழே மணலில் தண்ணீர் வந்தது. முதல் தண்ணீர் அழகாக ஒன்றும் இருக்காது. சருகு, குப்பை, நுரை எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு, பள்ளம் பார்த்து நின்று நின்று, ஒரு ஆள் நடக்கிற வேகத்தில் வரும். ஓட்டத்தை நிறுத்திவிட்டு அதோடு கூடவே நடந்தான். ஊர் மதகு வரைக்கும். அங்கே நாலைந்து பேரோடு அப்பாவும் மண்வெட்டியோடு நின்றுகொண்டிருந்தார். இவனைப் பார்த்துவிட்டு, "தண்ணியோடயா வந்தே?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது அப்பா சொன்னார். "உனக்கு வேலை கெடச்சதும் நெலத்தைக் குத்தகைக்கு விட்டுடலாம்டா. என்னாலயும் முடியல."

நியாயமான பேச்சுதான். இதற்காகத்தானே ஓட ஆரம்பித்தான்? இந்த ஆற்றை, இந்த ஜூன் 12ஐ நம்பிப் பிழைக்கும் பிழைப்பில் இருந்து வெளியே போகத்தான். ஆனால் போவதற்காக ஓடிய ஓட்டத்தில்தான் ஊரையே அவன் பார்த்தான். எந்த மதகு எந்த வயலுக்கு என்று இப்போது அவனுக்கு அத்துப்படி. அப்பாவுக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல், "மொதல்ல கெடைக்கட்டும்ப்பா" என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டான்.

அடுத்த உடல்தகுதித் தேர்வுக்காக இப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறான். இந்த முறை முதல் சுற்றில் அவசரப்பட மாட்டான் என்று வாத்தியார் அடித்துச் சொல்கிறார். ஆறு மா நிலத்தைப் பற்றி வீட்டில் இன்னும் முடிவாகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அந்த ரோட்டில் போனால் பார்க்கலாம். கூட ஓடவும் செய்யலாம், பேசிக்கொண்டே ஓடுகிற வேகம்தான். பாலத்தில் ஏறும்போது மட்டும் அவன் பேச்சை நிறுத்திவிட்டுக் கீழே எட்டிப் பார்ப்பான், தண்ணீர் எவ்வளவு போகிறது என்று.