சுவருக்கு மேல ஒரு பாட்டு

நைட் ரைடர் ஞாபகம் இருக்கா மக்களே? பேசுற கறுப்புக் காரு, அதை ஓட்டுற சுருட்டை முடி டேவிட் ஹாசல்ஹாஃப். 1982-லேர்ந்து 1986 வரைக்கும் அமெரிக்க டிவியில வந்த தொடர். அந்த மனுஷன் ஒரு பாப் பாடகரும்கூட!

அமெரிக்காவுல அவர் பாட்டை யாரும் பெருசா கண்டுக்கலை. ஆனா 1989-ல மேற்கு ஜெர்மனியில 'லுக்கிங் ஃபார் ஃப்ரீடம்' எட்டு வாரம் முதலிடம். புதுப் பாட்டுகூட இல்லை, 1978-லயே வேற ஒருத்தர் பாடினது. அந்த நவம்பர்ல பெர்லின் சுவர் திறந்துச்சு. டிசம்பர் 31 ராத்திரி கிரேன் தொட்டியில நின்னு, விளக்கு மின்னுற ஜாக்கெட்டோட, சுவருக்கு மேலேர்ந்து அதையே பாடினார். கீழே பெருங்கூட்டம். சுவரை இடிச்சதே இவர்தான்னு இன்னிக்கும் கிண்டல் பண்றாங்க. பாட்டு சுவரை இடிக்கலைங்க. சுவர் திறந்த நேரத்துக்குப் பொருத்தமா அமைஞ்சுது, அவ்ளோதான்.

ஒரு ஊர் ஒதுக்கின திறமையை இன்னொரு ஊர் தலையில தூக்கி வெச்சுக்குது பாருங்க, அதுதான் எனக்குப் பிடிச்சது. கும்பகோணத்துல "இது சோறு போடுமா?"ன்னு அப்பா பரண்ல ஏத்தின என் மிருதங்கம், புனேயில பதினாறு வருஷமா நம்மாளுங்க வீட்டுக் கொலுவுக்கெல்லாம் போயிட்டு வருது. சம்பளம் என்னவோ சாஃப்ட்வேர்ல இருந்துதான். ஆனா கூப்பிடறது மிருதங்கத்துக்காக.

இப்போ பொண்ணு கிடார் கேக்கறா. பத்தாவது பரீட்சை முடியட்டும்னு தங்கமணி. நான் வாங்கிடலாம்னு இருக்கேன். அவளுக்கு எந்த ஊர் காத்துக்கிட்டு இருக்கோ, யாரு கண்டா!