மஞ்சக்குட்டையில் ஒரு பட்டறை

காப்பித் தோட்டமொன்றில் கணக்கராக இருக்கும் நண்பர் விடாது வற்புறுத்தியதன் பேரில், சேர்வராயன் மலையின் மஞ்சக்குட்டையில், சாலையோரத்துத் தகரக் கொட்டகைக்குள் மோட்டார் வாகனங்களைச் செப்பனிடும் மூத்த மெக்கானிக் ஒருவரையும் அவருடைய சிஷ்யனையும் காணப் போயிருந்தேன். சேலத்திலிருந்து 20 கொண்டையூசி வளைவுகளில் ஏறி இறங்கும் வண்டிகளுக்குப் பிரேக்கும் கிளட்ச்சுமே முதலில் தேய்கின்றன ஆதலால், அங்கே சக்கரம் கழற்றாத நாளே இல்லை. பிரேக் லைனிங் மாற்றும் வித்தையில் பாதி எனக்கு விளங்கவில்லை, அதை விட்டுவிடுகிறேன்.

என் கவனத்தை ஆகர்ஷித்தது கருவிப் பெட்டிதான். மெக்கானிக்கின் ஆஸ்தி முழுவதும் அடங்கிய அந்தப் பெட்டியில், மில்லிமீட்டர் ஸ்பேனர்களும், பழைய ஜீப்புகளின் பொருட்டு வைத்திருக்கும் அங்குல ஸ்பேனர்களும் கலந்துவிடாமல் தனித்தனியே துணியில் சுற்றப்பட்டிருந்தன. அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர், 13ஆம் எண் ஸ்பேனர் அந்த அளவு நட்டில் பொருந்துவதுபோல் பாவனை செய்து, துருவேறிய நட்டின்மீது பலத்தைச் செலுத்தியதும் மூலைகளை மழுக்கிவிட்டு வழுக்கும். நட்டின் இரு பக்கங்களை மட்டுமே பற்றும் திறந்த வாய் ஸ்பேனரை இறுகிய நட்டுக்கு அவர் தொடுவதே இல்லை. ஆறு மூலை பாக்ஸ் ஸ்பேனரைத்தான் எடுக்கிறார். மலைப்பனி துருவுக்குப் பரம மித்திரன் ஆகையால், டீசலில் துடைத்து எண்ணெய் தடவாத கருவி எதுவும் பெட்டிக்குள் போகக்கூடாது. சேலத்து லாரிப் பட்டறையில் சிறுவனாகச் சேர்ந்தபோது அவருக்குக் கிடைத்ததும் இந்தத் துடைக்கும் உத்தியோகம்தான். ஸ்பேனர் பிடிக்க அனுமதி கிடைக்க 3 ஆண்டுகள் ஆயினவாம்.

சிஷ்யனுக்கோ, நட்டுகளைக் கழற்றவும் முறுக்கவும் பாட்டரியில் இயங்கும் ‘கன்’ என்ற யந்திரத்தின் மீது தீராத மோகம். “கன்னுல கழட்டுடா, வேண்டாங்கல. மாட்டுறப்ப ரெண்டு மூணு மரை விரலாலயே ஏத்திட்டு அப்புறம் ஸ்பேனரைப் போடு” என்று அவர் அதட்டினார். கார்ச் சக்கர நட்டுக்குப் பெரும்பாலும் 80 முதல் 110 நியூட்டன் மீட்டர் முறுக்கே போதும். அந்த யந்திரமோ அதற்கு மிஞ்சிய முறுக்கைக் கணத்தில் செலுத்தி, மரையை அறுத்துவிடவும் ஸ்டட்டை நீட்டிவிடவும் வல்லது. முறுக்கின் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் இருந்தால் இந்தச் சச்சரவுக்கே இடமில்லை. பட்டறையில் அது இல்லை.

எப்படி இருக்கும்? அதை வாங்கக் கையில் காசு மிஞ்சினால்தானே! வண்டிகளைக் கொண்டுவந்து சேர்க்கும் தரகர் கூலியில் ஒரு பங்கை முன்னதாகவே எடுத்துக்கொள்கிறார். உதிரிப் பாகங்களையும் அவர் சொல்லும் கடையிலேயே வாங்கவேண்டும். அங்கே அசலின் விலைக்குப் போலி லைனிங் கைமாறி, இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போனால், பழி மட்டும் மெக்கானிக்கின் தலையில் விழுகிறது. கையில் கிரீஸ் படாமலே பிறர் உழைப்பின் சாரத்தை உறிஞ்சும் இந்தக் காரியத்தை வியாபாரம் என்று அழைக்க என் மனம் ஒப்பவில்லை, அது அநியாயம்.

மலைக்கு வண்டி ஓட்டிவரும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம்: கூலியை மெக்கானிக்கின் கையிலேயே கொடுங்கள், சக்கரம் மாட்டியபின் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் ஓடியதும், நட்டுகளின் இறுக்கத்தை மறுபடி ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள்.