அகல ரயரும் ஈயத் துண்டும்

பின்னுக்கு அகல ரயர் போட்ட மோட்டார் சைக்கிளைக் கண்டால் எங்கட ஊரில பெரிய ஆக்கள் முதலில் ஓடுற பெடியனைத்தான் பார்ப்பினம். 'காவாலி' எண்ட சொல் அவையின்ர வாயில தயாராக இருக்கும். பெடியள் நாங்களோ ரயரை மட்டும்தான் பார்ப்போம்: 130ஆ, 140ஆ? அந்தச் சில்லு ஒழுங்காகச் சுத்துதா எண்டு இரண்டு தரப்பும் கேட்கிறதில்லை.

2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தின பிறகு புது பைக் எங்களுக்கு எட்டாத சாமானாகிவிட்டது. இருக்கிறதைத்தான் விருப்பத்துக்கு மாத்த வேண்டியிருந்தது. நாங்கள் மூன்று பேர் சேர்ந்து கைவைத்தது நண்பனின் வீட்டுப் பழைய பல்சர் 150இல். அவன்ர அம்மா கிளினிக் போறதும் அதிலதான். அதனால வடிவு மட்டும் போதாது எண்டு முதலே முடிவெடுத்தோம்.

அதன் பின் ரயர் 100/90-17. முதல் எண் மில்லிமீற்றரில் அகலம். இரண்டாவது, ரயரின் பக்கச்சுவர் உயரம் அந்த அகலத்தில் எத்தனை வீதம் என்பது. மூன்றாவது, அங்குலத்தில் ரிம்மின் விட்டம். கணக்குப் போட்டுப் பார்த்தால் 140/70 போட சில்லு 16 மில்லிமீற்றர் உயரும். 130/70 போட 2 மில்லிமீற்றர்தான். 140 எண்டு துள்ளிக்கொண்டு நிண்ட நண்பன் அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் 130க்கு இறங்கினான்.

பழைய ரிம்மிலேயே அகல ரயரை ஏத்தித் தாற கடைகள் இருக்கு. ஏறும்தான். ஆனால் ஒடுங்கின ரிம் ரயரின் இரண்டு பக்கத்தையும் உள்ளுக்கு நெரிக்கும். ரயரின் முதுகு கூராகி, காசு குடுத்து வாங்கின அகலத்தின் ஓரங்கள் றோட்டைத் தொடாது. நாங்கள் 3.5 அங்குல ரிம் ஒண்டு தேடி எடுத்து, அச்சுக்கு ஏத்த புஷ்ஷை லேத்தில கடைஞ்செடுத்தோம்.

அடுத்தது செயின். ரயர் செயினில் முட்டினால் சில்லை ஒரு பக்கம் தள்ளிப் பூட்டிவிடுவினம். முட்டாதுதான், ஆனால் முன் சில்லும் பின் சில்லும் ஒரே கோட்டில் நிக்காது. பைக் ஒரு பக்கம் இழுக்கும். பின் ரயரின் இரண்டு பக்கமும் நூலை ஒட்டிப் பிடித்து முன்னுக்கு இழுத்துப் பார்த்தோம். முன் ரயருக்கு இரு பக்கமும் ஒரே இடைவெளி வரும்வரை மாத்தி மாத்திப் பூட்டினோம்.

"அண்ணை, பலன்ஸ் பாப்பமா?" எண்டு கராஜில் கேட்டோம்.

"பின் சில்லுக்கு ஆர் தம்பி பலன்ஸ் பாக்கிறது?" எண்டார். பிறகு அவரே இரண்டு ஸ்டூல் எடுத்துத் தந்தார்.

சில்லைத் தனியாகக் கழட்டி, அச்சை ஸ்டூல்களுக்கு நடுவில் தாங்கவைத்து, மெதுவாகச் சுத்திவிட்டோம். பாரமான இடம் ஒவ்வொருமுறையும் கீழே வந்துதான் நிக்கும். அதுக்கு நேர் எதிரே, மேலே, ரிம்மில் 5 கிராம், 10 கிராம் ஈயத் துண்டுகளை ஒட்டவேணும். எந்த இடத்தில் விட்டாலும் சில்லு அப்படியே நிண்டால் சரி. எங்களுக்கு 30 கிராம் தேவைப்பட்டது.

30 கிராம் என்ன பெரிய விசயமோ எண்டு கேட்கலாம். 80 கிலோமீற்றர் வேகத்தில் சில்லு செக்கனுக்கு 11 தரத்துக்கு மேல் சுத்தும். ரிம்மில் இருக்கிற 30 கிராம் வித்தியாசம் அப்போது 3 கிலோவுக்கு மேற்பட்ட பாரம்போல ஒவ்வொரு சுத்திலும் இழுக்கும். 40இல் அது காற்பங்குதான். அதனாலதான் ஊருக்குள்ள ஓடேக்க ஒண்டும் தெரியாது, ஏ9 வீதியில் வேகம் பிடிச்சவுடன சீற் நடுங்கத் தொடங்கும்.

கடைசியாக இரண்டு பேர் ஏறியிருந்து, ரயர் மட்காட்டில் முட்டுதா எண்டு பார்த்தோம். ஆள் ஏறினால் பைக் பதியும், இடைவெளி குறையும். தனியாள் நிண்டு பார்க்கிற இடைவெளியை நம்பேலாது.

அகல ரயரில் பாதகங்களும் இருக்கு. பாரம் கூடும், எண்ணெய் கொஞ்சம் கூடக் குடிக்கும், வளைவில் பைக் சோம்பலாகச் சரியும். இதெல்லாம் தெரிந்துதான் போட்டோம், வடிவாயும் இருக்கு. நீங்களும் போடுங்கோ. ஆனால் ரயர்க் காசோட ரிம்முக்கும் லேத்துக்கும் ஈயத்துக்கும் காசு எடுத்துவைக்க ஏலாட்டி, கொம்பனி ரயரோடயே ஓடுங்கோ. பின்னுக்கு இருக்கிறது உங்கட அம்மாவாகவும் இருக்கலாம்.