செத்த பேட்டரி எங்கே போகிறது?

திருப்பதியில் பூக்கடையில்கூட கியூஆர் அட்டை தொங்குகிறது. சில்லறைத் தகராறு ஒழிந்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம். ஆனால் கரண்ட் போனால், அந்தப் பணம் போய்ச் சேர வேண்டிய செல்போன் டவரும் கடை பில்லிங் மெஷினும் ஓடுவது பேட்டரியில். பலவற்றின் உள்ளே இருப்பது ஈயமும் கந்தக அமிலமும்தான்.

இங்கே கரகம்பாடியிலும் சித்தூர் பக்கமும் பேட்டரி செய்கிறது அமர ராஜா நிறுவனம். ஈய மாசு என்று 2021 ஏப்ரலில் ஆந்திர மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆலைகளை மூடச் சொன்னது. மே மாதம் உயர்நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்தி வைத்தது.

ஆலையைவிட எனக்குப் பெரிய கவலை, செத்த பேட்டரி. ஆசிடைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு ஈயத்தைத் திறந்த அடுப்பில் உருக்கினால், அந்தப் புகை அக்கம்பக்கத்துக் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். பழைய பேட்டரியைத் திரும்பப் பெறுவது தயாரிப்பாளர் பொறுப்பு என்கின்றன 2022 பேட்டரிக் கழிவு விதிகள். கடை வைத்திருக்கும் நண்பர்களே, நூறு ரூபாய் கூடக் கிடைக்கிறதென்று காயலான் கடையில் போடாதீர்கள். டீலரிடமே கொடுத்து ரசீது கேளுங்கள்.